நான்கு ஏழுமலைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். "கொஞ்சம் ஊக்கமா இருக்கட்டும் மேடம்" என்று கோரிக்கை வேறு. பதினான்கு வருடம் மற்றவர்களுடைய பட்டங்களில் பொய் தேடியே சம்பளம் வாங்கியவளிடம் ஊக்கம் கேட்கிறார்கள். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது வேலையை விட்டுப் போனால் நான் பொறுப்பில்லை.

முதலில் நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நியமனக் கடிதத்தில் நம் அலுவலகத்துக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருக்கும், அதில் 'சர்வதேச' என்ற சொல் இரண்டு முறை வரும். அந்தப் பெயரைச் சொல்லி செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால் நேரே கோட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். உரக்கடை மாடி என்று கேளுங்கள், திண்டிவனம் ரோட்டில் சரியாகக் கொண்டுவந்து விடுவார்கள். கீழே யூரியா, மேலே நாம்.

ஒரு நாட்டில் பட்டம் வாங்கியவர் இன்னொரு நாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறார். பட்டம் நிஜமா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சந்தேகம். அது ஏதோ ஒரு பெருநகரத்து நிறுவனத்திடம் கேட்கிறது. அந்த நிறுவனம் சென்னைக் கிளைக்குத் தள்ளுகிறது. சென்னைக் கிளை நமக்குத் தள்ளுகிறது. அதற்குக் கீழே தள்ள ஆளில்லாததால் நாம் வேலை செய்கிறோம். கடைசியில் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரருக்குக் கடிதம் எழுதும்போது நம்மை 'எங்கள் பன்னாட்டு நிபுணர் குழு' என்று குறிப்பிடும். அதைப் படித்தால் எனக்கே மரியாதையாக இருக்கும். பன்னாட்டு நிபுணர் குழு என்றால் நான், பரிமளா, இன்னும் எட்டுப் பேர், ஓடும்போது இருமுகிற ஒரு ஏசி.

நான் இதற்கு முன்னால் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் வீடு சமணர் வீடு, சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சென்னையில் இருந்த நம் மேலாளருக்கோ மாலை ஆறு மணிக்குத்தான் ஞானம் பிறக்கும், உடனே வீடியோ மீட்டிங் வைப்பார். என் பணிக்காலத்தின் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான். மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன்.

எந்த நாட்டுப் பட்டத்தை எந்த இணையதளத்தில் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேடு எழுதியவர் ஒரு ஃபைலைக்கூடத் திறந்து பார்த்தவர் இல்லை என்பது இரண்டாவது பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது நான் செய்த இரண்டு தப்புகளை. முதல் தப்பு என்னை முட்டாளாக்கியது. அதற்குப் பயந்து செய்த இரண்டாவது, இன்னொருவரின் ஒரு வருடத்தைத் தின்றது.

முதல் தப்பு ஒரு அழகான சான்றிதழ். தீவு நாடு ஒன்றின் பல்கலைக்கழகம், மேலாண்மைப் பட்டம். ஓரமெல்லாம் தங்கக் கொடி, நடுவில் சிங்கம், கீழே சிவப்பு நாடா, வெளிச்சத்தில் மின்னும் முத்திரை. நம்மூரில் எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட அத்தனை அழகாக இருந்ததில்லை. எனக்குச் சந்தேகம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. சான்றிதழின் அடியிலேயே பதிவாளரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. எவ்வளவு வசதி! அதற்கே எழுதினேன். இந்த மாணவர் உங்களிடம் படித்தாரா?

என் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கடிதம் கண்டு அகமகிழ்ந்தோம்' என்று தொடங்கி, அந்த மாணவரின் ஒழுக்கம், உழைப்பு, தலைமைப் பண்பு என ஒரு பக்கம். நான் உருகிப்போய் 'உறுதி' என்று போட்டேன். பரிமளாவைக் கூப்பிட்டு, "பதிவாளர்னா இப்படி இருக்கணும்" என்று காட்டினேன்.

மூன்று மாதம் கழித்து உண்மை வெளியே வந்தது. பையன் சேர்ந்த இடத்தில் முதல் பரீட்சையிலேயே பேராசிரியருக்குச் சந்தேகம் வந்து, தோண்டியிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் தீவிலும் இல்லை, கடலிலும் இல்லை. பதிவாளரும் அவனே, முதல்வரும் அவனே, ஒழுக்கமும் தலைமைப் பண்பும் கொண்ட மாணவனும் அவனே. என் கடிதத்துக்கு அவன்தான் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறான். திருடனிடமே போய் "நீ திருடனா?" என்று கேட்டு, அவன் "இல்லை அம்மையீர்" என்றதும் நன்றி சொல்லிவிட்டு வந்தவள் நான்.

நிஜப் பதிவாளர் எவரும் டீ ஆறுவதற்குள் பதில் எழுத மாட்டார். எழுதினாலும் உங்கள் கடிதம் கண்டு அகமகிழ மாட்டார். சான்றிதழில் இருக்கும் முகவரிக்கு ஒருபோதும் எழுதாதீர்கள். வேறு வழியில், அந்த நாட்டு அரசாங்கப் பட்டியலிலோ வேறெங்கோ முகவரியைத் தேடி எடுத்து எழுதுங்கள். இது இப்போது கையேட்டில் இருக்கிறது. பதினாறாம் பக்கம். அந்தப் பக்கத்துக்கு நான்தான் விலை.

மேலாளர் அன்றைக்கு ஆறு மணி மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு நான் ஆளே மாறிவிட்டேன். எந்த ஃபைலைத் திறந்தாலும் திருட்டு வாசனை. ஒரு கமா இடம் மாறியிருந்தால் போதும், 'முரண்' என்று போட்டுவிடுவேன். 'முரண்' போட்டு யாருக்கும் திட்டு விழுந்ததில்லை. ஏமாந்தால்தான் திட்டு. மேலாளர் என்னைப் பாராட்டக்கூட ஆரம்பித்தார், "மேடம் இப்ப ரொம்ப ஷார்ப்" என்று. கவனமாக இருப்பது வேறு, பயந்துபோய் இருப்பது வேறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் சங்கீதாவின் ஃபைல் வந்தது.

போர் நடக்கும் ஒரு நாட்டில் மருந்தியல் படித்த பெண். வேறொரு நாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, நாம் 'உறுதி' என்று சொன்னால் விசாவுக்குப் போகலாம். ஃபைலைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் எலுமலை. பட்டத்தில் யெலுமலை, அதுவும் பெண்ணின் பெயருக்கு முன்னால். பட்டத்தோடு வந்த மதிப்பெண் பட்டியலில் எழுமலை. பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும், வெறும் ஒரு ஆங்கில ஈ. ஒரே அப்பா, நான்கு உருவம். கடைசியில் முழு ஏழுமலையும் ஒரு ஈயாகச் சுருங்கியிருந்தார்.

போதாததற்கு, பட்டத்தில் ஒரு ஊரின் முத்திரை, மதிப்பெண் பட்டியலில் வேறு ஊரின் முத்திரை. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளமும் திறக்கவில்லை.

நான் இந்த ஊர்க்காரி. ஏழுமலை என்ற பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் வருடத்துக்கு நான்கு ஏழுமலைகளை எழுதியவள். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் வல்லம் என்று இருந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் வல்லமாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. தமிழ்நாட்டில் எத்தனையோ வல்லம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'முரண்' போட்டேன். கீழே எப்போதும் போடும் வாக்கியத்தைப் போட்டேன்: 'பல்வேறு முரண்களைக் கருத்தில் கொண்டு, இந்த ஆவணங்களின் நம்பகத்தன்மையை எங்களால் ஏற்க இயலவில்லை.' அந்த வாக்கியத்தை உருவாக்கியதும் நான்தான். அதற்காக ஒருமுறை சென்னையிலிருந்து பாராட்டு மடல் வந்திருக்கிறது. நீங்களும் அதைத்தான் நகலெடுத்து ஒட்டப் போகிறீர்கள்.

அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டேன்.

நம் அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்போதே எட்டு வருடமாக அவர்தான் போட்டுக்கொண்டிருந்தார். வல்லத்துப் பக்கம் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார், மற்ற நேரம் மினி லாரியில் கேன். தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று மாடியேறி வருவார். நாங்கள் அவரைத் 'தண்ணி கேன்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பொண்ணு ஃபாரின்ல படிக்குது மேடம்" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். "அப்படியா, நல்லது" என்று திரையைப் பார்த்தபடியே சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, கேனை மாட்டிவிட்டுப் போகாமல் என் மேசைப் பக்கத்தில் நின்றார்.

"மேடம், ஒரு லெட்டர் படிச்சு சொல்றீங்களா? படிப்பு முடிச்சு ஊருக்கு வந்துக்குதே, அந்தப் பொண்ணுக்கு வந்துருக்குது. ரெண்டு நாளா சரியா சாப்புட மாட்டுது. இன்னா ஆச்சுன்னு கேட்டா ஒண்ணும் இல்ல நைனான்னு சொல்லுது. அது ஃபோன்ல இருந்ததை என் ஃபோனுக்கு அனுப்பிக்கினேன்."

போனை நீட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வருந்துகிறோம், எங்கள் பன்னாட்டு நிபுணர் குழு, பல்வேறு முரண்களைக் கருத்தில் கொண்டு. என் வாக்கியம். எழுத்துக்கு எழுத்து என் வாக்கியம். அதற்குக் கீழே பல்கலைக்கழகம் தன் பங்குக்குச் சேர்த்திருந்தது: இடம் ரத்து, போலி ஆவணம் என்ற குறிப்பு மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் தெரிவிக்கப்படும், மேல்முறையீடு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"இன்னா மேடம் போட்டுக்குது?"

"பேர்ல ஏதோ குழப்பம்னு..."

"யார் பேர்ல?"

"அப்பா பேர்ல." கண்ணாடியைக் கழற்றினேன். "உங்க பேர் என்னங்க?"

எட்டு வருடம் அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயர் கேட்டேன்.

"ஏலுமலை" என்றார்.

அப்படித்தான் சொன்னார். பாஸ்போர்ட் ஆபீசிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அங்கே இருந்தவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். நம் பக்கத்தில் பாதிப் பேர் வாயில் ழவும் லவும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணர் குழுவும் வேண்டாம்.

"என் பேர்ல இன்னா மேடம் குழப்பம்? நான் ஒர்த்தன்தானே?" என்றார். பிறகு, "அந்தக் குழுன்னு போட்டுக்குதே, அவனுங்க யாரு? என் பொண்ணை ஒரு தபா பாத்துருப்பானுங்களா?"

"டெக்னிக்கல் பிராப்ளம்தான். சரியாயிடும்" என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார். காலி கேன்களை எடுத்துக்கொண்டு, "நீங்க சொன்னாத்தான் மேடம் தெம்பா இருக்குது" என்றபடி இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு நான் என்ன செய்தேன் என்பதை உங்களுக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். முதலில் என் கை போனது ஃபைலைத் திரும்பத் திறக்கும் பொத்தானுக்கு. அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. திறந்து 'முரண்' என்பதை 'உறுதி' என்று மாற்றியிருந்தால், அன்று மாலைக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. செய்யவில்லை. நான் பெரிய நேர்மைக்காரி என்பதால் இல்லை. 'உறுதி' என்று போட என் கையில் என்ன இருந்தது? அப்பா பெயர் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது, சரி. இரண்டு முத்திரை? திறக்காத இணையதளம்? தண்ணீர் கொண்டுவருகிறவர் நல்லவர் என்பது அவர் மகளின் மருந்தியல் பட்டத்துக்கு ஆதாரம் ஆகாது. அந்தத் தீவு நாட்டுப் பையனை எனக்குப் பிடித்துப்போனதால் 'உறுதி' போட்டேன். இந்தப் பெண் மேல் இரக்கப்பட்டு 'உறுதி' போட்டால், அதுவும் அதே தப்புதான். என்னமோ கண்ணீர் வருகிறது என்பதற்காகத் தப்பு சரியாகிவிடாது.

மேலாளரைக் கூப்பிட்டேன். மதியம் கூப்பிட்டதால் ஞானம் இன்னும் பிறந்திருக்கவில்லை.

"மேடம், அப்பீல் லிங்க் இருக்குல்ல? அந்தப் பொண்ணு அப்பீல் போடட்டும்" என்றார்.

"அப்பீலும் இங்கதான் சார் வரும். என் மேசைக்கே வந்தாலும் வரும்."

"வரட்டும், அப்ப பாத்துக்கலாம். நீங்களா எதுக்கு முந்திக்கிட்டுத் தப்புன்னு சொல்றீங்க? எழுத்துல குடுத்தா ஆடிட்ல நிக்கும். ஏற்கெனவே ஒரு சம்பவம் ஆயிருக்கு. ஒரே வருஷத்துல ரெண்டாவது. யோசிங்க. எனக்கு டென்ஷன் குடுக்காதீங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். எல்லோரும் ஒருவருக்கொருவர் டென்ஷன் கொடுக்காமல் இருப்பதுதான் நம் நிறுவனத்தின் தலையாய கொள்கை. சுவரில் வேறு என்னென்னவோ ஒட்டியிருப்பார்கள், நம்பாதீர்கள்.

எழுதினேன். மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தேன், மூன்று வரி எழுத ஆறரை ஆகிவிட்டது. அதுவரை மற்றவர்களின் தப்பைப் பற்றி எத்தனையோ பக்கம் தடையில்லாமல் எழுதியிருக்கிறேன், 'நான் தவறாக முடிவெடுத்தேன்' என்ற வாக்கியம் மட்டும் வரவே மாட்டேன் என்றது. 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினேன். அடித்தேன். தானாக எப்படி நேரும்? கடைசியில் எழுதினேன்: இந்த ஃபைலை நான் சரியாகப் பார்க்கவில்லை. விண்ணப்பதாரரின் தந்தையை எனக்குத் தெரியும், ஆகவே மறுமுடிவில் நான் கையெழுத்திட மாட்டேன், பரிமளா போடட்டும். அதற்கு வேண்டிய ஆதாரத்தை மட்டும் நான் தேடித் தருகிறேன். அனுப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்தால் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெளிச்சமே இல்லை. அன்றைக்குச் சாப்பாடு இல்லை. இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரம் தப்பிவிட்டது, அவ்வளவுதான். வயிறு இரவெல்லாம் மேலாளரைத் திட்டியது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போன். அந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் பட்டியலிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் எண்ணை எடுத்தேன். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வியாழன் மதியம் ஒரு பெண் எடுத்தாள். பதிவேட்டுப் பிரிவு எழுத்தராம். என் இங்கிலீஷும் அவள் இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கரண்ட் இல்லை" என்றாள். "ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் மட்டும். சீக்கிரம் சொல்லுங்கள்."

"பட்டத்தில் ஒரு முத்திரை, மதிப்பெண் பட்டியலில் வேறு முத்திரை. எது சரி?"

"இரண்டும் சரி, போரில் பல்கலைக்கழகமே ஊர் மாறியது. பட்டத்தாள் பழைய ஊரிலேயே அச்சடித்து, முத்திரையும் குத்தி வைத்திருந்தது. அதைப் பெட்டியில் எடுத்து வந்துவிட்டோம். மதிப்பெண் தாளை எடுக்க முடியவில்லை. கட்டடம் எரிந்துவிட்டது. இங்கே வந்து புதுத் தாள் அடித்தோம், புது முத்திரை செய்தோம். குண்டு விழும்போது எந்தக் காகிதத்தை எடுப்பது என்று எங்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை, மேடம்."

அவளே தொடர்ந்தாள். "பெயர்க் குழப்பம் எங்கள் தப்பு. உங்கள் ஊர்க்காரர்களின் பெயரில் எது பிள்ளை, எது அப்பா என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. முதல் வருடம் முழுக்க விடுதிக் கடிதங்களை யெலுமலைக்குத்தான் அனுப்பினோம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்."

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"பதிவேட்டுப் பெட்டிகளை லாரியில் ஏற்றியபோது கைகொடுத்த மாணவர்களில் ஒருத்தி. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் தருகிறேன்."

போன் நின்றுவிட்டது. ஜெனரேட்டராக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அன்று மாலை வரை எனக்கு அந்த வேறு ஏதாவதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, அகமகிழ்ச்சி சுத்தமாக இல்லை. பதிவேட்டுப் பக்கத்தின் படம், அதன் ஓரம் கருகியிருந்தது. கீழே ஒரு வரி: 'இந்த மாணவி இங்கே படித்துத் தேறினாள், இரண்டு முத்திரையும் எங்களுடையவை.'

அதைப் பரிமளாவிடம் கொடுத்தேன். நான் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு அவள், "மேடம், நீங்க கொஞ்சம் வெளில போய் உக்காருங்க. நீங்க நின்னா எனக்கு ஃபைல் கண்ணுக்குத் தெரியல, நீங்கதான் தெரியுறீங்க" என்றாள். போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். யூரியா வாசனையில் மூன்று மணி நேரம். அவள் என் வார்த்தையை எதற்கும் ஏற்கவில்லை. தானே வேறொரு எண் தேடி எடுத்து, அமைச்சகத்துக்கே போன் போட்டு, பதிவேட்டு எண்ணைத் தனியாகச் சரிபார்த்திருக்கிறாள். நாலேகாலுக்கு வெளியே வந்து, "போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். நான் அழுதேன். அவள் கண்டுகொள்ளாத மாதிரி உரக்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண்.

போலி என்ற குறிப்பு நீங்கியது. ஆனால் நாம் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கதவைச் சாத்தியிருந்தோமே, அந்த இடத்தை அதற்குள் வரிசையில் அடுத்து நின்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க வரவேற்கிறோம்' என்று பல்கலைக்கழகம் எழுதியது. சிரமம் என்ற சொல்லை இவர்கள் எவ்வளவு சிரமமில்லாமல் எழுதுகிறார்கள்!

எனக்குக் கையெழுத்து அதிகாரம் போனது. இனிமேல் நீங்கள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தப்பு செய்தவரை ஆசிரியராக்குவது நம் நிர்வாகத்தின் தனிச்சிறப்பு. உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு அணிகள்தான் என் தண்டனை. முழுதாக அனுபவித்துவிட்டேன்.

ஏழுமலையிடம் நானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். விண்ணப்பதாரர் வீட்டாரோடு பேசக் கூடாது என்பது விதி. பேசப் போகிறேன் என்று மேலாளருக்கு எழுதிவிட்டுத்தான் பேசினேன். அடுத்த முறை கேன் கொண்டுவந்தபோது உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"அந்த லெட்டர்ல நிபுணர் குழுன்னு போட்டிருந்துச்சே" என்றேன். "அது ஃபாரின்ல இல்லைங்க. இங்கதான். உங்க பொண்ணு ஃபைலை நான்தான் பாத்தேன். தப்புன்னு போட்டதும் நான்தான். இப்ப சரி பண்ணியாச்சு. ஆனா இந்த வருஷ சீட் போனது போனதுதான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஏசியைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த உலக வரைபடத்தைப் பார்த்தார், பரிமளாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஃபாரின்காரன் ஃபாரின்காரன்னு வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கினு இருந்தேன் மேடம்" என்றார். "எட்டு வருசமா அவனுக்குத்தான் தண்ணி போட்டுக்கினு இருந்தேனா?"

குரலை உயர்த்தவில்லை. கேனை மாட்டினார். வழக்கமாகச் செய்வதுபோலக் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். போய்விட்டார்.

சங்கீதா மறு வருடம் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள், நன்றாகவே படிக்கிறாள் என்று கேள்வி. அந்த முறையும் அவள் ஃபைல் சுற்றிச் சுற்றி இந்த மாடிக்குத்தான் வந்தது. நான் தொடவில்லை. போவதற்கு முன்னால் அவள் ஒரு நாள் இங்கே வந்திருந்தாள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் வண்டியில் வந்து, தனியாக மாடியேறி வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மேலாளர் அதற்குள் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "பொண்ணுக்கு இங்கிலீஷ் நல்லா வருது, ஒரு வருஷம் சும்மாதானே இருக்கும், நம்மகிட்டயே வேலைக்குப் போட்டுக்கலாமே மேடம். பிரச்சினையும் முடிஞ்ச மாதிரி." அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.

"வேலை கெடக்கட்டும் மேடம்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் ஃபைலை எவ்ளோ நேரம் பாத்தீங்க?"

நம் கணினி எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். எந்த ஃபைலை யார் எப்போது திறந்தார், எப்போது மூடினார் என்று. சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. விதியைக் காட்டித் தப்பித்திருக்கலாம்.

"பதினோரு நிமிஷம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினொன்று என்பது அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமா, குறைவா என்றுகூட எனக்குப் புரியவில்லை. பாதி உண்மையைச் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"அதுலயும் நாலு நிமிஷம் கரண்ட் போயிருந்துச்சு" என்றேன்.

"அப்ப ஏழு" என்றாள்.

கீழே வண்டி ஹாரன் கேட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடமே சொல்லி முடித்திருப்பேன், உங்களுக்கு இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.